வானலைக்கும் ஒரு பாடு உண்டு

செம்பூராங்கல்லால் எழுந்த ஆதிநாராயணப் பெருமாள் திருக்கோயில் அமைந்த ஊர் பழவேற்காடு. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக, நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அதன் அருகே விரிந்து கிடக்கிறது. ஏரியை நம்பி வாழும் மீனவர் குப்பங்களில் வழிவழியாக வந்த ஓர் ஏற்பாட்டிற்குப் ‘பாடு’ என்று பெயர்.

ஏரி எவருக்கும் தனிச்சொத்தன்று. ஆயினும், எல்லாரும் ஒரே இடத்தில், ஒரே வேளையில் வலை கட்டினால் ஒருவருக்கும் பயன் இராது. ஆகவே, மீனும் இறாலும் மிகுதியாகப் படும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தை முன்னோர் ஏற்படுத்தினர். தன் முறை வரும்வரை காத்திருப்பது அங்கே தொழிலறம்.

இந்த அறத்தை நினைவிற் கொண்டால், இன்று பல இல்லங்களில் மூத்தோரை வாட்டும் வைஃபை தொல்லையின் காரணமும் விளங்கும். வெளிநாட்டில் பணிபுரியும் மகனின் முகம், பேச்சின் நடுவே திரையில் உறைந்து நிற்கிறது. முழங்கால் வலியால் கோயிலுக்குச் செல்ல இயலாத அம்மையார் கும்பாபிஷேகத்தை நேரலையில் காண அமர்கிறார். கலசத்தில் புனிதநீர் விழும் கணத்தில் படம் நின்றுவிடுகிறது. ‘நமக்குக் கொடுப்பினை இல்லை’ என்று அவர் கண்கலங்க வேண்டியதில்லை. பெரும்பாலான தடைகளுக்கு வீட்டிலேயே பரிகாரம் உண்டு.

1971ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆபிராம்சன் தலைமையிலான குழு, கடலால் பிரிந்த தீவுகளின் கணினிகளை வானலையால் இணைத்தது. ‘அலோஹாநெட்’ என்பது அதன் பெயர். அன்பையும் வணக்கத்தையும் குறிக்கும் ஹவாய்ச் சொல் அலோஹா. இரு செய்திகள் ஒன்றோடொன்று மோதினால், ஒவ்வொன்றும் சற்று நேரம் பொறுத்து மீண்டும் முயலும். அவ்வழியில் வந்த வைஃபை, மற்றொரு கருவி பேசுகிறதா என்று முதலில் செவிமடுக்கும். பேசினால் காத்திருந்து, பிறகே தான் பேசும். இதுவும் ஒருவகைப் பாடுதான். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, நம் நாட்டில் உரிமம் இன்றி எவரும் கையாளக்கூடிய பொதுநீர். அண்டை வீட்டுப் பெட்டியும், புளூடூத்தும், மைக்ரோவேவ் அடுப்பும் அதே நீரில்தான் வலை கட்டுகின்றன. நெருக்கமாக வீடுகள் அமைந்த தெருவில், எல்லாரும் படம் பார்க்கும் மாலை வேளையில் வேகம் குறைவதன் காரணம் இதுவே.

இணைப்பு தடைப்பட்டால், பழுது எங்கே என்பதை முதலில் அறிதல் வேண்டும். கைப்பேசியுடன் ரவுட்டர் என்னும் வைஃபை பெட்டியின் அருகிலேயே நின்று பார்க்கலாம். அங்கே நன்றாக வந்து உள்ளறையில் வராவிடில், தடை வீட்டிற்குள் இருக்கிறது. பெட்டியின் அருகிலும் வராவிடில், பெட்டியிலோ வெளியிலிருந்து வரும் இணைப்பிலோ பழுது. மின்சாரத்தை நிறுத்தி, ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் போட்டால் பல வேளைகளில் சரியாகும். ஃபைபர் இணைப்பில் ‘எல்.ஓ.எஸ்.’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் கேபிள் வழியே ஒளி வரவில்லை என்று பொருள்; பணியாளரை அழைப்பதே வழி. கடலோர ஊர்களில் உப்புக்காற்று உலோக இணைப்புகளை அரிக்கும். ஆதலால் அடாப்டரும் பிளக்கும் துருவேறாமல், தளராமல் இருக்கின்றனவா என்று பார்ப்பது நலம்.

தடை வீட்டிற்குள் என்றால், பெட்டி இருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். இரும்பு பீரோவும், நிலைக்கண்ணாடியும், பருத்த சுவரும், தண்ணீர் நிறைந்த டிரம்மும் வானலையைத் தடுக்கும். பூஜை அலமாரியில், பித்தளைப் பாத்திரங்களின் நடுவே பெட்டியை வைப்பதும் பொருந்தாது. வீட்டின் நடுப்பகுதியில், தரையிலிருந்து உயரமாக, திறந்த இடத்தில் வைத்தலே சிறப்பு. சிம் கார்டு போட்ட பெட்டியாயின், டவர் இருக்கும் திசையின் ஜன்னலருகே வைக்கலாம். கைப்பேசியில் ஒரே இணைப்பு இரு பெயர்களில் தெரிந்தால், ‘5ஜி’ என முடிவது பெரும்பாலும் அருகிலிருப்போர்க்கு வேகம் தரும். மற்றது தொலைவிலுள்ள அறைக்கு ஏற்றது. அண்டை வீட்டு அலையோடு மோதல் மிகுந்தால், 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்த ஒன்றிற்கு மாற்றித் தருமாறு பேரப்பிள்ளைகளிடம் கேட்கலாம்.

வீட்டிற்குள்ளும் பாடு தேவை. தாத்தா நேரலை காணும் அரைமணி நேரம் பேரன் பெரிய படங்களைத் தரவிறக்காமல் இருக்கலாம். அவன் பாடம் கேட்கும் நேரத்தில் தாத்தா திரையை அணைத்து ஜபத்தில் அமரலாம்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. ‘உங்கள் இன்டர்நெட்டைச் சரிசெய்கிறோம்; இந்தச் செயலியைப் பதிவிறக்குங்கள், ஓடிபி சொல்லுங்கள்’ என்று தாமாக அழைப்போரை நம்பலாகாது. அவசரத்தில் சொல்லும் ஓர் எண், வாழ்நாள் சேமிப்பையே கொண்டுபோய்விடக் கூடும். அவ்வாறு பணம் இழக்க நேர்ந்தால், காலம் தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்தல் வேண்டும்.

திரை உறைந்த மறுகணமே பேரனையோ, அண்டை வீட்டாரையோ, விதியையோ நோவதில் பயனில்லை. பழுதின் இடத்தை முறையாகத் தேடுவதும், பொதுவானதைப் பகிர்ந்துகொள்வதும், தன் முறைக்குப் பொறுமையாகக் காத்திருப்பதும் பழவேற்காட்டு மீனவர் ஏரியில் கடைப்பிடித்து வந்த நெறி. அந்நெறி வீட்டிலும் நிலைத்தால், மகனின் குரலும் திருக்கோயில் மணியோசையும் தடையின்றி வந்து சேரும்.