பஸ் வந்தால் மட்டும் போதாது

மார்டள்ளி, 1997 வரை மைசூர் மாவட்டத்திலும் அதன் பிறகு சாமராஜநகர் மாவட்டத்திலும் இருக்கும் எல்லையோரக் கிராமம். தமிழ்க் குடும்பங்கள் நிறைய. இங்கே ஒருவர் 2 ஏக்கர் நிலம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்திரம் பதிவாகிவிட்டது. ஆனால் பஹணியில் இன்னும் விற்றவர் பெயர்தான். பத்திரப் பதிவு ஒரு துறை, நிலப் பதிவேடு இன்னொரு துறை. முதல் துறை தகவல் சொல்லி, இரண்டாவது துறை பெயரை மாற்றுவதற்குள் விற்றவர் அதே நிலத்தை அடகு வைக்கலாம். இன்னொருவருக்கு விற்கவும் செய்யலாம்.

கர்நாடக அரசு 'பூமி' திட்டத்தில் சுமார் 2 கோடி நில ஆவணங்களை கம்ப்யூட்டரில் ஏற்றியது. பதிவு அலுவலகங்களுக்கு 'காவேரி' என்ற தனி சாஃப்ட்வேர் வந்தது. பிற்பாடு இரண்டும் இணைக்கப்பட்டன. பதிவு முடிந்ததும் 'ஜே ஸ்லிப்' எனப்படும் தகவல் காவேரியிலிருந்து பூமிக்குத் தானாகவே போகும் என்பது ஏற்பாடு.

இப்படி ஆளுக்கொரு மொழி பேசும் கம்ப்யூட்டர் அமைப்புகளைப் பேசவைக்கும் கலையைத்தான் சேவை சார்ந்த கட்டமைப்பு என்கிறார்கள். அதற்கான கருவிகளில் ஒன்று 'எண்டர்பிரைஸ் சர்வீஸ் பஸ்'. அமைப்புகளுக்கு நடுவே ஓடும் பொதுப் பாதை இது. 10 அமைப்புகளை ஒன்றோடொன்று நேரடியாகக் கோத்தால் 45 இணைப்புகள் வேண்டும். நடுவில் பஸ் இருந்தால் 10 போதும். தகவலை வாங்குவது, எதிராளிக்குப் புரியும் வடிவில் மாற்றுவது, உரிய இடத்தில் சேர்ப்பது எல்லாம் அதன் வேலை.

படிக்க விரும்புபவர்களுக்குச் செலவு அதிகமில்லை. 2005இல் இலங்கையில் தொடங்கப்பட்ட டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் தன் பஸ்ஸின் மூல நிரலைத் திறந்தே வைத்தது. ஈபே போன்ற பெரிய நிறுவனமே அதைப் பயன்படுத்தியது. வீட்டு கம்ப்யூட்டரிலேயே இரண்டு சிறிய சேவைகளை எழுதி, நடுவில் பஸ்ஸை வைத்துப் பழகலாம்.

பாடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு சேவை சர்வே எண்ணை 112/3 என்று அனுப்புகிறது. மற்றது 112-3 என்று எதிர்பார்க்கிறது. யார் மாற்றுவது? எதிர்முனை கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் தகவல் வரிசையில் காத்திருக்குமா, தொலைந்துவிடுமா? ஒரே தகவல் இரண்டு முறை வந்தால் பெயர் மாற்றமும் இரண்டு முறை நடக்குமா? போய்ச் சேர்ந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி? இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதாமல் மென்பொருளை மட்டும் நிறுவுகிறவர் பாதிதான் படித்திருக்கிறார்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வசதியாக இருக்கிறதே என்று எல்லா விதிகளையும் பஸ்ஸுக்குள்ளேயே திணித்தால், அது நின்றால் ஊரே நிற்கும். 2014இல் ஜேம்ஸ் லூயிஸும் மார்ட்டின் ஃபவுலரும் மைக்ரோசர்வீஸ் பற்றி எழுதியபோது இதையே வற்புறுத்தினார்கள்: புத்தி முனைகளில் இருக்கட்டும், நடுவிலுள்ள குழாய் எளிமையாக இருக்கட்டும். பெயரை மாற்றலாமா என்று முடிவு செய்ய வேண்டியது வருவாய்த் துறை. பஸ் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும்.

கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். எந்தத் தகவல், எந்த வடிவில், யார் பொறுப்பில் என்று துறைகள் உட்கார்ந்து பேசி முடிவு செய்வது மட்டும் மாறாது. மார்டள்ளியில் நிலம் வாங்கியவருக்கு பஸ்ஸின் பெயர் தெரிய வேண்டியதில்லை. பஹணியில் தன் பெயர் வந்தால் போதும்.