கல்லீரல் ரத்தக்குழாய்க்கும் ஸ்டென்ட் உண்டு!

இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னால், இன்று எந்த வீட்டிலும் விளக்கம் தேவைப்படுவதில்லை. கல்லீரலின் ரத்தக்குழாயிலும் ஸ்டென்ட் வைப்பார்கள் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். உங்கள் வீட்டில் யாருக்காவது கணையத்திலோ கல்லீரலிலோ பெரிய ஆபரேஷன் நடந்திருந்தால், இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம்.

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் சுமார் நான்கில் மூன்று பங்கு, 'போர்ட்டல் சிரை' என்ற ஒரு குழாய் வழியாகத்தான் வருகிறது. குடல், இரைப்பை, கணையம், மண்ணீரல் ஆகியவற்றின் ரத்தமெல்லாம் அதில்தான் சேர்கிறது.

ஏன் சுருங்குகிறது?

இந்தச் சிரை கணையத்துக்குப் பின்னால் ஒட்டினாற்போல ஓடுகிறது. கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுநோய் வந்தால் செய்யும் 'விப்பிள்' ஆபரேஷனில், சில சமயம் சிரையில் ஒரு துண்டையும் வெட்டியெடுத்துத் தைக்க வேண்டியிருக்கும். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையிலும் குழாயோடு குழாயை இணைத்துத் தைக்கிறார்கள். தைத்த இடம் ஆறும்போது தழும்பு இறுகி, குழாய் குறுகலாம். கதிர்வீச்சு சிகிச்சையாலும் குறுகலாம். புற்றுநோய் திரும்பி வந்து அழுத்துவதும் உண்டு. சிலருக்கு இது மாதங்கள், வருடங்கள் கழித்துத்தான் தெரியவரும்.

மெயின் ரோட்டை அடைத்தால் வண்டிகள் சந்துக்குள் புகுமல்லவா? அதேபோல ரத்தம் பக்கத்துச் சிறு சிரைகளில் புகுகிறது. அந்தச் சுமையைத் தாங்காமல் அவை புடைக்கின்றன. ஒருநாள் வெடித்து ரத்தம் கசிகிறது.

எதைக் கவனிக்க வேண்டும்?

தார்போலக் கறுத்து ஒட்டும் மலம், ரத்த வாந்தி, வயிற்றில் நீர் சேர்ந்து உப்புவது, மண்ணீரல் வீங்கிப் பிளேட்லெட் குறைவது ஆகியவை முக்கிய அறிகுறிகள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பது உண்மைதான். ஆனால் இப்படி ஆபரேஷன் ஆனவர்கள் அதையே காரணமாக நினைத்துச் சும்மா இருக்கக் கூடாது. ரத்த வாந்தியோ தார்போன்ற மலமோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பித்தநாளத்தையும் குடலையும் இணைத்த இடத்தில் சிரை புடைத்திருந்தால், வழக்கமான எண்டோஸ்கோபி அங்கே எட்டாமல் போகலாம். 'அல்சர் எதுவும் இல்லை' என்று ரிப்போர்ட் வந்த பிறகும் ரத்தக்கசிவு தொடர்ந்தால், டாப்ளர் ஸ்கேனோ, மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேனோ தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சிகிச்சை எப்படி?

பெரும்பாலும் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி டாக்டர், ஸ்கேனில் பார்த்தபடியே வலது விலா எலும்புகளுக்கு இடையே ஊசியைச் செலுத்திக் கல்லீரல் வழியாகச் சிரையை அடைவார். மெல்லிய கம்பியைக் குறுகிய இடத்தைத் தாண்டி நுழைத்து, பலூனால் விரித்து, தேவைப்பட்டால் உலோக வலைக் குழாயான ஸ்டென்ட்டைப் பொருத்துவார். அடைப்புக்கு முன்னும் பின்னும் ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தால், வழி திறந்துவிட்டதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கல்லீரலிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகள் குறுகியிருந்தால், பெரும்பாலும் கழுத்துச் சிரை வழியாகப் போவார்கள். குழந்தைகளுக்கு முதலில் பலூனை மட்டும் முயல்வது வழக்கம். குழந்தை வளரும், ஸ்டென்ட் வளராது.

இதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. ஊசி போன வழியில் ரத்தம் கசியலாம். ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையலாம். அதனால் டாக்டர் சொல்லும் நாள்களில் டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தக் கூடாது. சிரை முழுதாக அடைபட்டு நாளாகிவிட்டால் கம்பி நுழைவதே கஷ்டம். சீக்கிரம் கண்டுபிடிப்பது அதனால்தான் முக்கியம்.

ஆபரேஷன் விவரமும் டிஸ்சார்ஜ் சம்மரியும் எத்தனை வருடமானாலும் பத்திரமாக இருக்கட்டும். மொபைலில் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். நள்ளிரவில் அவசரப் பிரிவில் இருக்கும் டாக்டருக்கு, உள்ளே எந்தக் குழாயை எங்கே தைத்திருக்கிறார்கள் என்பதை அந்தக் காகிதம்தான் சொல்லும்.