தொண்டு திறக்கும் கதவு

நுழையும்முன்

பிறர்க்கு உதவுதல் உள்ளத்தில் இயல்பாக ஊறும் பண்பு என்பர். அப்பண்பைப் பள்ளியின் விதியாக்கலாமா? மணிக்கணக்கில் அளக்கலாமா? விழுப்புரம், திண்டிவனம் பகுதிப் பெண்கள் பள்ளிகளை முன்னிறுத்தி இவ்வினாக்களுக்கு விடைகாண முயல்கிறது இக்கட்டுரை.

திருக்குறளில் ஈகை என்னும் அதிகாரத்திற்கு முன்னதாக ஒப்புரவறிதல் என்னும் அதிகாரம் வைக்கப்பட்டுள்ளது. ஈகை என்பது இல்லாதவர்க்குக் கொடுப்பது. ஒப்புரவு என்பது உலகத்தாரோடு ஒத்து வாழ்ந்து, அவர்தம் தேவைக்குப் பயன்படுவது. 'ஒப்புரவு' என்று நிறுத்தாமல் 'அறிதல்' என்னும் சொல்லும் தலைப்பில் சேர்ந்திருப்பது எண்ணத்தக்கது. அறிதல் என்பது கற்றுப் பெறுவது. கற்றுப் பெறுவதாயின், அதனைக் கற்பிக்கும் கடமை பள்ளிக்கும் உண்டு.

கத்தோலிக்கத் துறவற சபைகள் நடத்தும் கல்வி நிறுவனங்கள் சில இக்கடமையை ஏற்றுள்ளன. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியிலும் சென்னை இலயோலா கல்லூரியிலும், மாணவர்கள் மக்களிடையே சென்று பணியாற்றுவது கல்வியின் ஒரு கூறாகவே வைக்கப்பட்டுள்ளது. இம்முறையை மேல்நிலைப் பள்ளிக்கும், சிறப்பாகப் பெண்கள் பள்ளிக்கும் விதியாக்க வேண்டுமா? வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஆயின், அவ்விதி கையொப்பத்தோடும் மணிக்கணக்கோடும் முடிந்துவிடலாகாது.

நாடு எதிர்கொண்ட வினா

இவ்வினா புதியதன்று. விடுதலை பெற்ற இந்தியா இதனைப் பலமுறை எதிர்கொண்டது. 1959ஆம் ஆண்டு சி. து. தேஷ்முக் தலைமையில் அமைந்த குழு, பள்ளிக்கல்வி முடித்துக் கல்லூரிக்குச் செல்லவிருக்கும் மாணவர் அனைவரும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை நாட்டுப்பணி ஆற்றுதலைக் கட்டாயமாக்கலாம் என்று பரிந்துரைத்தது. பின்னர்ப் பல நாடுகளின் நடைமுறையை ஆராய்ந்த கே. ஜி. சையிதைன், 1960ஆம் ஆண்டு அளித்த அறிக்கையில், இயன்றவரை விருப்பத்தின் அடிப்படையிலேயே இப்பணி அமைதல் நன்று என்றார். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள், நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கப்பெற்றது. விருப்பத்தின் பேரில் சேரும் திட்டமாகவே அது மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது.

பிறநாடுகள் சில மாற்றுவழியைத் தேர்ந்தன. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 75 மணி நேரமும், கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 40 மணி நேரமும் சமூகப்பணி ஆற்றுதல், உயர்நிலைப் பள்ளிக்கல்வியை நிறைவு செய்வதற்குரிய விதிகளுள் ஒன்றாயிற்று. விருப்பமா, விதியா என்பது நாடுதோறும் வழக்காடப்பட்ட வினா. ஆயினும், இவ்விவாதங்களில் பெரும்பாலும் பேசப்படாத ஒருவர் உண்டு. அவர் சிற்றூர்ப் பெண்.

விதியே துணையாகும் இடம்

புதுச்சேரியில் 1844ஆம் ஆண்டு, பிரெஞ்சு மறைப்பணியாளரான துப்புயி அடிகள் பெண்கல்விக்கென அருள்சகோதரியர் சபை ஒன்றைத் தோற்றுவித்தார். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று வினவியோர் மிகுந்திருந்த காலம் அது. பெண் வீட்டு வாயிலைக் கடப்பதற்குப் பள்ளி ஒரு தக்க காரணமாயிற்று. இன்று புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்திற்கு உட்பட்ட விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பெண்கள் கற்க வருவது இயல்பாகிவிட்டது.

எனினும், வீட்டிற்கும் பள்ளிக்கும் இடைப்பட்ட வழியைத் தவிர வேறு வழி அறியாத மாணவியர் இன்றும் உளர். வட்டாட்சியர் அலுவலகம் எவ்வாறு இயங்குகிறது, கிராம சபையில் யார் பேசலாம், வங்கியில் பணம் செலுத்தும் படிவத்தை எப்படி நிரப்புவது என்பன அண்ணனும் தம்பியும் நடமாட்டத்தாலேயே அறிந்துகொள்பவை. மேல்நிலைத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெறும் தங்கைக்கு அவை எட்டாதவையாக இருத்தல் கூடும்.

இந்நிலையில், 'விருப்பமுள்ளோர் வரலாம்' என்று பள்ளி அறிவித்தால் என்ன நிகழும்? மாணவனின் விருப்பம் பெரும்பாலும் அவனுடையது. மாணவியின் விருப்பமோ தந்தை, தாய், பாட்டி, அண்ணன் எனப் பலருடைய இசைவைக் கடந்தாக வேண்டும். 'வெயிலில் அலைவானேன்? வேறு யாரேனும் பார்த்துக்கொள்வார்கள்' என்னும் ஒற்றைச் சொல்லில் அவ்விருப்பம் அடங்கிவிடும். 'எல்லாரும் செய்தாக வேண்டிய பாடம்' என்று பள்ளி கூறுமாயின், அம்மறுப்புக்கு இடமில்லை. பிறரைக் கட்டுப்படுத்துவதாகத் தோன்றும் விதி, அவளுக்கு மட்டும் அனுமதிச் சீட்டாகிறது.

நிறுவனம் ஒன்றின் ஏற்பு பெண்ணை வெளியே கொணரும் என்பதற்கு அண்மைச் சான்றும் இம்மாவட்டத்திலேயே உண்டு. பெருந்தொற்றுக் காலத்துக் கற்றல் இழப்பை ஈடுசெய்யும் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம், 2021ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. அதில் இணைந்த தன்னார்வலர்களுள் பெரும்பாலோர் பெண்கள். தம் தெருவிலேயே அவர்கள் ஆசிரியராக அறியப்பட்டனர்.

மறுப்பும் விடையும்

கட்டாயத்தால் செய்யப்படுவது தொண்டாகாது என்பர் சிலர். தொண்டின் உயிர் விருப்பம் என்பது உண்மையே. ஆனால், விருப்பம் அறிமுகத்திற்குப் பின்னரே பிறக்கிறது. கணக்கையும் செய்யுளையும் எல்லா மாணவரும் விரும்பியா கற்கத் தொடங்கினர்? கற்றபின் சிலர் அவற்றில் தோய்ந்தனர். சமூகப்பணியும் அத்தகையதே. கதவைத் திறப்பது வரையே விதியின் வேலை. உள்ளே செல்வது உள்ளத்தின் வேலை.

மற்றொரு மறுப்பு இதனினும் வலியது. விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, தம்பி தங்கையரைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்து, மாலையில் மாட்டுக்குத் தீனி வைக்கும் மாணவி ஏற்கெனவே தொண்டுதானே செய்கிறாள்? அவள் தோளில் மேலும் ஒரு சுமையை ஏற்றுவது அறமா? இவ்வினாவைப் புறந்தள்ளும் பள்ளி, ஏட்டில் மட்டுமே தொண்டு வளர்க்கும். மணிக்கணக்கு குறைந்ததற்காக அவளைத் தண்டிப்பதும், ஓய்வு மிகுந்த வீட்டுப் பிள்ளையைப் பாராட்டுவதும் நீதியாகா.

எவ்வாறு அமைய வேண்டும்?

ஆகவே, இவ்விதியைப் பள்ளிகள் சில வரையறைகளோடு வகுத்தல் வேண்டும்.

முதலாவதாக, சமூகப்பணி பள்ளி நேரத்திற்குள்ளேயே அமைதல் வேண்டும். கடைசிப் பேருந்தைத் தவறவிடும் அச்சமும், வீட்டு வேலை தேங்கும் கவலையும் அப்போதுதான் நீங்கும்.

இரண்டாவதாக, பணியைத் தீர்மானிப்போர் அதனைப் பெறும் மக்களாக இருத்தல் வேண்டும். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. வெள்ளம் புகுந்த வீடுகளில் உணவும் உடையும் மட்டும் அழிவதில்லை. குடும்ப அட்டையும் மதிப்பெண் சான்றிதழும் பட்டாவும் சேர்ந்தே நனைகின்றன. பழந்துணி மூட்டைகள் குவியும் இடத்தில், இழந்த ஆவணத்திற்கு விண்ணப்பம் எழுதித் தருவோர் இல்லாது போகலாம். இவ்வட்டாரத்தில் வாழும் இருளர் குடும்பங்களின் பிள்ளைகள் பழங்குடிச் சான்றிதழ் பெறுவதில் நெடுங்காலமாக இடர்ப்படுகின்றனர். அச்சான்றிதழ் இன்றேல் உதவித்தொகையும் உயர்கல்வியும் எட்டாக்கனிகளே. தெளிவாக எழுதத் தெரிந்த பதினொன்றாம் வகுப்பு மாணவி, அக்குடும்பத்தின் அருகமர்ந்து, விவரம் கேட்டு, படிவத்தை நிரப்பித் தருதல் ஒரு நாள் துப்புரவுப் பணியினும் பயனுடையது. ஒப்புரவு 'அறிதல்' என்பதன் பொருள் இதுவே.

மூன்றாவதாக, வீட்டில் செய்யும் வேலையையே வெளியிலும் மாணவியர்க்கு அளித்தலாகாது. கூட்டுதல், கோலமிடுதல், பரிமாறுதல் ஆகியவற்றை அவர்கள் முன்பே அறிவர். ஏரியின் நீர்வரத்துக் கால்வாயை அளத்தல், தெருவிளக்குகளைக் கணக்கெடுத்தல், குடிநீர்க் குறையைக் கிராம சபையில் எடுத்துரைத்தல் ஆகிய பணிகள் அவர்களுக்கு வழங்கப்பட வேண்டும். பணி ஊருக்குப் பயன்படுவதோடு, செய்பவரையும் வளர்த்தல் வேண்டும்.

நான்காவதாக, உதவி பெறுவோரின் மாண்பு காக்கப்பட வேண்டும். அவர்தம் வறுமையை ஒளிப்படமாக்கிப் பதிவேட்டில் ஒட்டுதல் தவிர்க்கத்தக்கது. 'எத்தனை மணி நேரம் பணியாற்றினாய்?' என்பதைவிட, 'யாருடைய எத்தேவையை அறிந்தாய்? அது தீர்ந்ததா?' என்பனவே ஆசிரியர் வினவத்தக்க வினாக்கள்.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் முழக்கம் 'எனக்காக அல்ல, உனக்காக' என்பதாகும். தனக்கென எதையும் கேளாமல் வீட்டில் பழக்கப்பட்ட பெண்ணுக்கு அம்முழக்கத்தின் பிற்பாதி புதியதன்று. அவள் கற்க வேண்டியது, 'உனக்காக' என்று ஊரின் முன் நின்று குரலெழுப்பும் துணிவை. வாக்குரிமை பெற இன்னும் ஓரிரு ஆண்டுகளே உள்ள மாணவியருக்கு, அலுவலகப் படியேறி ஒரு மனுவைக் கையளித்து ஒப்புகைச் சீட்டைக் கேட்டுப் பெற்ற அனுபவம் எளிதில் மறவாத கல்வி. அக்கல்வியை, வீட்டார் இசைந்தோர்க்கு மட்டுமின்றி ஒவ்வொரு மாணவிக்கும் உரியதாக்குவதே இவ்விதியின் பயன்.