கரை இரண்டு, திருவிழா ஒன்று!

ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் பள்ளிப்பட்டு வட்டாரமே திருத்தணிக்குப் புறப்பட்டுவிடும். தோளில் காவடி, வாயில் அரோகரா. நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பிள்ளை குட்டிகளோடு வந்து மலை ஏறும்.

1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணியும் பள்ளிப்பட்டும் ஆந்திராவை விட்டு நம்மோடு சேர்ந்தன. நகரி அந்தப் பக்கமே நின்றுவிட்டது. நடுவில் எல்லைக்கோடு விழுந்தது. ஆனால் காவடிக்காரரை நிறுத்தி, "நீ எந்த மாநிலம்?" என்று யாரும் கேட்பதில்லை.

கடல் நடுவிலும் இப்படி ஒரு திருவிழா உண்டு. அங்கே கேட்கிறார்கள்!

அதுதான் கச்சத்தீவு அந்தோணியார் கோவில் திருவிழா. தீவின் பரப்பு 285 ஏக்கர். ஊர் இல்லை; குடித்தனம் இல்லை. கோவில் மட்டும் உண்டு. அதை முதலில் கட்டியவர் நம்புதாளை சீனிக்குப்பன் படையாட்சி என்பார்கள். இந்துவான ஒருவர் அந்தோணியாருக்குக் கோவில் கட்டினார் என்று சொன்னால் மற்றவர்கள் வியக்கலாம். கடலோரத்தில் யாரும் வியப்பதில்லை. புயலில் சிக்கியவன் எந்தச் சாமியையும் கூப்பிடுவான்!

அந்த நாளில் ராமேசுவரத்திலிருந்து பாய்மர வள்ளங்களில் போனார்கள். யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்தும் வந்தார்கள். தீவோரம் நங்கூரம் பாய்ச்சிவிட்டு, படகிலும் மணலிலும் படுத்தார்கள். வெள்ளிக்கிழமை கொடியேற்றம், சிலுவைப் பாதை, இரவில் தேர்ப்பவனி. சனிக்கிழமை காலை பூசை. இதற்கிடையே பண்டமாற்று நடக்கும். கல்யாணப் பேச்சும் நடக்கும். ஆண்டு முழுவதும் பார்க்க முடியாத உறவினர் அங்கேதான் பார்த்துக்கொண்டார்கள்.

1974-ம் ஆண்டு உடன்படிக்கையில் தீவு இலங்கைக்குப் போயிற்று. ஆனாலும், முன்போலவே யாத்திரிகர் வந்து போகலாம், விசா வேண்டாம் என்று அதிலேயே எழுதினார்கள். பிறகு இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டது. விழா நெடுங்காலம் தடைபட்டது. 2009-ல் போர் முடிந்தபின் படகுகள் மீண்டும் போயின. 2016-ல் புதுக் கோவிலும் எழும்பியது.

2024-ல் என்ன ஆயிற்று? எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட நம் படகோட்டிகளுக்கு அங்கே சிறைத் தண்டனை விதித்தார்கள். கொதித்துப்போன ராமேசுவரம் மீனவர்கள் விழாவுக்குப் போகவில்லை. அவர்கள் கோபம் நியாயமானதே. வீட்டுக்குச் சோறு போடுகிறவன் அயல்நாட்டுச் சிறையில் இருக்கும்போது, மனைவிக்குத் திருவிழா ஏது?

ஆனால் அக்கரையிலும் ஒரு கண்ணீர் இருக்கிறது. நம் இழுவை மடிகள் தங்கள் வலையைக் கிழிக்கின்றன, மீன் குஞ்சையும் வாரிக்கொண்டு போகின்றன என்று வடக்கு இலங்கை மீனவர்கள் சொல்கிறார்கள். அவர்களும் தமிழர்களே, அவர்களும் கடலை நம்பிப் பிழைப்பவர்களே. இரண்டு தரப்பாரும் அதிகாரிகள் இல்லாமல் ஒரே மணலில் உட்கார்ந்து பேச ஆண்டில் இரண்டு நாள்தான் கிடைக்கிறது. அந்த இரண்டு நாளை நாமே விட்டுக்கொடுப்பதா? சிறையில் இருப்பவனுக்காகப் பேசவாவது அங்கே போகவேண்டும் என்பது நம் கருத்து.

2025-ல் படகுகள் மறுபடியும் போய்வந்தன. நல்ல காரியம். இரண்டு அரசாங்கங்களும் பெயர்ப் பதிவு செய்யட்டும், சோதனை போடட்டும். வழியை மட்டும் அடைக்கவேண்டாம்.

விழா மாசி, பங்குனி வாக்கில் வரும். போகிறவர்கள் குடிதண்ணீரை மறக்காமல் எடுத்துப் போகவேண்டும். தீவில் கிடைக்காது.