பீரோவை எங்கே வைப்பது?



திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் மகனுக்குத் திடீரென வெளிநாட்டு மாற்றல். கரமனை அக்ரஹாரத்தில் இன்னொரு குடும்பம் பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறது. இரண்டு வீட்டிலும் ஒரே தவிப்பு: கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜையெல்லாம் எங்கே வைப்பது?

பெங்களூரிலும் சென்னையிலும் இதற்கென்றே 'செல்ஃப் ஸ்டோரேஜ்' நிறுவனங்கள் பெருகிவிட்டன. திருவனந்தபுரத்தில் இன்னும் பெரும்பாலும் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரர்களின் குடோன்தான். தனி அறை, நம் கையில் சாவி என்பதெல்லாம் இங்கே அரிது.

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். 2011 கணக்கெடுப்பில் கேரளத்து வீடுகளில் பத்தில் ஒன்றுக்குமேல் பூட்டிக் கிடந்தன. சித்தப்பா வீட்டு மாடி சும்மா இருக்கும்போது, குடோனுக்கு யார் மாதாமாதம் பணம் கட்டுவார்கள்?

ஆனால் ஃப்ளாட்டில் வாழும் தலைமுறைக்கு அந்த மாடி கிடைப்பதில்லை. இன்னொரு பக்கம், விழிஞ்ஞம் துறைமுகம் 2024 டிசம்பரில் வணிக இயக்கத்தைத் தொடங்கிவிட்டது. சரக்கு பெருகினால் வியாபாரிகளும் குடோன் தேடி வருவார்கள். வாடகை ஏறும் என்றே நான் நினைக்கிறேன்.

அதற்காக, இப்போது மலிவாகக் கிடைக்கிறதே என்று அவசரப்பட்டுவிடாதீர்கள். நம் ஊரில் வாடகையைவிடப் பெரிய செலவு ஈரம். இடவப்பாதி மழை ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் துலாவர்ஷம் வந்துவிடும். அடைத்து வைத்த மெத்தையும் பட்டுப்புடவையும் பூஞ்சை பிடிக்க எத்தனை நாள் ஆகும்? பெருமழை பெய்தால் தம்பானூரில் தண்ணீர் தேங்குவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! குடோன் தாழ்வான இடத்தில் இருக்கிறதா, பொருட்களைத் தரையில் படாமல் பலகை மேல் அடுக்குகிறார்களா என்று கேளுங்கள்.

இன்னொன்று. பேங்க் லாக்கரில் தீயாலோ திருட்டாலோ வங்கி ஊழியரின் மோசடியாலோ இழப்பு வந்தால், ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2022 முதல் விதித்திருக்கிறது. வீட்டுச் சாமான் குடோனுக்கு அப்படி ஒரு விதி இல்லை. தன் பொருளைப்போல் கவனிக்க வேண்டும் என்ற 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் நுகர்வோர் நீதிமன்றமும்தான் துணை.

ஆகவே ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். இன்ஷூரன்ஸ் லாரிப் பயணத்துக்கு மட்டுமா, குடோனில் இருக்கும் காலத்துக்குமா? வாடகை பாக்கி நின்றால் பொருளை விற்கலாம் என்று எழுதியிருக்கிறதா? சொன்ன வாடகையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடங்குமா?

ஒரு மழை நாளில் நேரில் போய் குடோனைப் பாருங்கள். முன்பணம் அதற்குப் பிறகு போதும்.


ஆசிரியர்