லாட்டரி போச்சு, ரம்மி வந்துச்சு: ஆரணித் தறியும் டோபமைன் கணக்கும்

தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தது 2003 ஜனவரியில். இன்னைக்கு 25 வயசு ஆகிற ஒருத்தருக்கு, பஸ் ஸ்டாண்டில் மைக் வச்சு டிக்கெட் வித்த காலம் நினைவிலேயே இருக்காது. ஆரணி மாதிரி நெசவு ஊர்களில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்க. கூலி வாங்கிய கையோடு டிக்கெட், மாலையில் ரிசல்ட், மறுநாள் முதலாளியிடம் முன்பணம் என்று ஓடிய வீடுகளின் கதை வரும். 1968-ல் அரசே தொடங்கி நடத்திய வியாபாரம் அது.

கடைகள் போயின. அந்த 'இன்னொரு தடவை' மட்டும் போகவில்லை. கொஞ்ச காலம் மூணு நம்பர் லாட்டரியாக ஒளிந்து வாழ்ந்தது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் அந்தக் கடனால் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பமே அழிந்தது. அப்புறம் அது ஆன்லைன் ரம்மியாக போனுக்குள் வந்தது. இப்போ வேறு சில பெயர்களிலும் இருக்கு, அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த மாதிரி செய்தி வந்தாலே கமென்ட்டில் ஒரே தீர்ப்புதான்: 'மன உறுதி இல்லாதவன்.' எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்ல ஆரணித் தறியே போதும்.

குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்வதைப் பார்த்திருக்கீங்களா? ரெண்டு கையும் ரெண்டு காலும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று அறுந்தால் நிறுத்தி, தேடி, பிணைத்து, மறுபடி தொடங்கணும். ஊடை ஒவ்வொன்றாக ஏறும். ஒரு சேலைக்குப் பல நாள், வேலைப்பாடு கூடினால் வாரக்கணக்கில்கூட ஆகும். அறுத்துக் கொடுத்த பிறகுதான் கூலி. இதைச் செய்கிற மனிதருக்கு மன உறுதி இல்லை என்று சொல்ல, பத்து நிமிஷம் போனைக் கீழே வைக்க முடியாத நமக்கு என்ன தகுதி இருக்கு? ஒரே ஆள், பகலில் பத்து மணி நேரம் தறியில் பொறுமையாக இருக்கிறார், ராத்திரி ஆப்பில் கூலியைத் தொலைக்கிறார் என்றால், ஆளில் இல்லை கோளாறு. பரிசு வரும் விதத்தில் இருக்கு.

*டோபமைன் இன்ப ரசாயனம் இல்லை*

ரீல்ஸ் பார்த்து நாம் கற்றுக்கொண்டது, டோபமைன் என்றால் சந்தோஷம். ஆராய்ச்சி சொல்வது வேறு. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளுக்கு ஜூஸ் துளி கொடுத்து, மூளையின் டோபமைன் செல்களைக் கவனித்தார். முதலில் ஜூஸ் வந்ததும் செல்கள் துடித்தன. ஜூஸுக்கு முன்னால் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, துடிப்பு விளக்குக்கு மாறிவிட்டது. ஜூஸுக்கு ஒன்றும் இல்லை. விளக்கு எரிந்தும் ஜூஸ் வராவிட்டால், துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே போனது. அதாவது, டோபமைன் கணக்கு வைப்பது எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை.

2003-ல் அவருடைய குழு வெளியிட்ட இன்னொரு ஆய்வுதான் நம்ம கதைக்கு முக்கியம். ஜூஸ் கட்டாயம் வரும் என்றாலும், கட்டாயம் வராது என்றாலும் காத்திருக்கும் நேரத்தில் செல்கள் அமைதி. வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்ற நிலையில்தான் அந்தக் காத்திருப்பில் துடிப்பு உச்சத்துக்குப் போனது.

இப்போ தறியை யோசிங்க. கூலி எவ்வளவு என்று முதல் நாளே தெரியும். கணக்கில் ஆச்சரியமே இல்லை. ரம்மியில் ஒவ்வொரு சீட்டும் பாதிக்குப் பாதி மாதிரிதான், அதுவும் சில நொடிகளுக்கு ஒரு தடவை. மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஏறி வேலை நிற்கிற நாளில், அடுத்த பாவு வராமல் சும்மா இருக்கிற நாளில், கையில் இருப்பது போன் மட்டும்தான்.

'ஜஸ்ட் மிஸ்' என்ற விஷயம் இன்னும் மோசம். மூணு நம்பரில் ரெண்டு பொருந்தியது என்றால் அது தோல்விதான். ஆனால் 2009-ல் லூக் கிளார்க் குழு செய்த மூளை ஸ்கேன் ஆய்வில், நூலிழையில் தவறும்போது ஜெயிக்கும்போது வேலை செய்யும் அதே பகுதிகள் தூண்டப்பட்டன. அதில் மூளையைக் குறை சொல்ல முடியாது. நெசவு பழகும் பையனுக்கு நேற்றைவிட இன்று நாடா நேராகப் போனால், 'கிட்ட வந்துட்டோம்' என்பது உண்மை. அங்கே அந்த உந்துதல்தான் தொழிலைக் கற்றுத் தருகிறது. லாட்டரியில் கிட்ட வருவது என்று ஒன்றே கிடையாது. மூளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது, அவ்வளவுதான்.

இன்னும் சந்தேகமா? பார்கின்சன் நோய்க்கு டோபமைன் போல வேலை செய்யும் சில மருந்துகள் தரப்படுகின்றன. வாழ்நாளில் சீட்டைத் தொடாத சில நோயாளிகள், அந்த மாத்திரை தொடங்கிய பிறகு சூதாட்டத்தில் விழுந்தார்கள். டோஸைக் குறைத்ததும் பலருக்கு அது நின்றது. ஒழுக்கத்தைப் பற்றி நாம் பேசும் பல பேச்சுகளை இந்த ஒரு தகவல் ஆட்டம் காண வைக்கும்.

*கோர்ட்டில் கேட்ட கேள்வி*

தமிழ்நாடு அரசு 2022-ல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டது. அதன் பிறகு கொண்டுவந்த தடைச் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில்தான் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. அதே நவம்பரில் உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், அவற்றுக்குத் தடை பொருந்தாது என்றது. சட்டத்தின் பார்வையில் அது சரியாக இருக்கலாம். ஆனால் 'திறமையா, அதிர்ஷ்டமா' என்று டோபமைன் செல் கேட்பதில்லை. முடிவு நிச்சயமில்லாததா, சீக்கிரம் தெரியுமா, உடனே மறுபடி ஆடலாமா என்பதுதான் அதற்குக் கேள்வி. இன்னும் சொன்னால், திறமை என்ற நம்பிக்கை 'ஜஸ்ட் மிஸ்'ஸுக்கு ஒரு நியாயத்தையும் கொடுத்துவிடுகிறது: அடுத்த ஆட்டத்தில் சரி பண்ணிடலாம்!

2025 பிப்ரவரியில் வந்த விதிமுறைகள்தான் என் பார்வையில் புத்திசாலித்தனமானவை. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண விளையாட்டு கிடையாது, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். ஆடுகிறவரின் குணத்தைத் திருத்தப் பார்க்காமல், கைக்கும் ஆட்டத்துக்கும் நடுவே நேரத்தை வைத்தார்கள். கம்பெனிகள் வழக்குப் போட்டும், அந்த ஜூனில் உயர் நீதிமன்றம் அவற்றை உறுதி செய்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றமே பண விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்து சட்டம் நிறைவேற்றியது.

சரி, நீங்க ரம்மி ஆடுவதில்லை. ஆப்ஷன் டிரேடிங்? 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வுப்படி, மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். தலைக்குச் சராசரியாக சுமார் 2 லட்சம் ரூபாய். வாராந்திர எக்ஸ்பைரி, சிவப்பு-பச்சைத் திரை, 'ரெண்டு பாயின்ட்டில் போச்சு மச்சான்.' லாட்டரிக் கடைக்கு கோட் சூட் போட்ட மாதிரி இருக்கு எனக்கு.

இதற்கு 'டோபமைன் டீடாக்ஸ்' என்று ஒரு வார இறுதி பாக்கேஜ் விற்கிறார்கள். டோபமைனைக் கழுவி வெளியேற்ற முடியாது. அது இல்லாமல் கை காலைக்கூடச் சரியாக அசைக்க முடியாது. பார்கின்சன் நோய் என்பதே டோபமைன் செல்கள் அழிவதால் வருவதுதான். மாற்ற முடிந்தது தூரத்தையும் வேகத்தையும். யுபிஐ தினசரி வரம்பைக் குறைத்து வைங்க. கூலியோ சம்பளமோ வரும் கணக்கு வேறு, ஆப்போடு இணைந்த கணக்கு வேறு என்று பிரிங்க. நோட்டிஃபிகேஷனை அணைங்க, ஷுல்ட்ஸின் விளக்கு அதுதான். ராத்திரி போன் வேற அறையில் சார்ஜ் ஆகட்டும். முதல் சில வாரம் எரிச்சலும் வெறுமையும் வரும். எதிர்பார்த்தது வராதபோது துடிப்பு கீழே போகிறதே, அதன் வேலை அது. வேற ஒன்றும் கெட்டுப் போகவில்லை.

கடன் ஏற்கெனவே ஏறிவிட்டது, வீட்டில் சொல்ல முடியவில்லை என்றால் மேலே சொன்னதெல்லாம் பத்தாது. 14416 மத்திய அரசின் டெலி மானஸ் எண், இலவசம், தமிழில் பேசலாம். 104 தமிழக அரசின் உதவி எண். பெங்களூரு நிம்ஹான்ஸில் போன், இணைய அடிமைத்தனத்துக்கென்றே 2014 முதல் தனி கிளினிக் இயங்குகிறது. சூதாட்ட அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. டாக்டரிடம் அந்தப் பெயரைச் சொல்லியே கேட்கலாம்.