பஞ்சர் ஒட்டுவது கேவலமா?



"ஒழுங்கா படிக்கலேன்னா சைக்கிள் கடையில பஞ்சர் ஒட்டத்தான் போகணும்." இதைக் கேட்காத பிள்ளை நம் பள்ளிக்கூடத்தில் இருக்க முடியாது. வீட்டிலும் சொல்கிறார்கள், வகுப்பிலும் சொல்கிறார்கள். போன வாரம் எங்கள் வகுப்பில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருக்கும் சைக்கிள் கடை எங்க அப்பாவுடையது. நான் போட்டிருக்கும் யூனிஃபார்ம் அந்தப் பஞ்சர் காசில் எடுத்ததுதான்.

1990-களின் தொடக்கத்தில் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட பெண்கள் சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அப்போது எங்க தாத்தா மணிக்கணக்கில் வாடகைக்கு சைக்கிள் விட்டார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த சைக்கிளையே எடுத்துப் போனார்களாம். நம் அம்மாக்களும் அப்பத்தாக்களும் தைரியமாக ரோட்டில் போனதில் சைக்கிள் கடைக்கும் பங்கு உண்டு.

பஞ்சர் ஒட்டுவது சுலபம் என்று நினைக்காதீர்கள். டியூபில் காற்றடித்து தண்ணீரில் முக்கினால் குமிழி வரும் இடம்தான் ஓட்டை. அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவி, கொஞ்சம் காயவிட்டுத்தான் ஒட்டு போடணும். அவசரப்பட்டால் ஒட்டு நிற்காது. டயருக்குள்ளே விரலால் தடவி முள்ளை எடுக்காமல் மாட்டினால் அடுத்த தெருவிலேயே மறுபடியும் பஞ்சர். வீல் கோட்டம் எடுப்பது இன்னும் கஷ்டம். ரிம் இடது பக்கம் சாய்ந்தால் வலது பக்கத்துக் கம்பியை முறுக்கணும். கொஞ்சம் கூடிப்போனால் வேறொரு இடத்தில் கோணிக்கொள்ளும். நான் மூன்று தடவை செய்து பார்த்தேன், வரவில்லை. கணக்குப் பரீட்சையில் நான் 91 மார்க்!

கடையை நடத்துவது தனிக் கஷ்டம். டவுனில் கையில் காசு கொடுத்தால்தான் டயர், டியூப் கிடைக்கும். ஊரில் கடன் சொல்லித்தான் வேலை நடக்குது. கடன் நோட்டு எழுதுவது நான்தான். போன மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தேன், 2,340 ரூபாய் பாக்கி. அதில் பாதிக்கு மேல் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுடையது. பயப்படாதீர்கள், பெயர் எழுத மாட்டேன். சில அண்ணன்கள் "காத்துக்குமா காசு?" என்று கேட்கிறார்கள். காற்று சும்மா கிடைக்கும் அண்ணா, பம்பு அடிக்கிற கை சும்மா கிடைக்காது.

படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் தம்பி இந்த வேலைக்கு வரவேண்டாம் என்று அப்பாவே சொல்கிறார். ஏன்ப்பா என்று கேட்டேன். "வேலை நல்ல வேலைதாம்மா. மரியாதைதான் இல்ல" என்றார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலையில் குறை இல்லை, நாம் பேசும் பேச்சில்தான் குறை இருக்கிறது.

11-ம் வகுப்புக்குப் போனால் நமக்கு அரசு இலவச சைக்கிள் தருது. அது ரிப்பேர் ஆனால் யாரிடம் போவோம்? எல்லாரும் கேவலம் என்று விட்டுவிட்டால் நட்டு முறுக்கக்கூட டவுனுக்குத்தான் தள்ளிக்கொண்டு போகணும்.

ஆகவே ஆசிரியர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எங்களைப் படிக்கச் சொல்லுங்கள், திட்டக்கூடச் செய்யுங்கள். ஆனால் பயமுறுத்துவதற்கு ஒருவருடைய அப்பாவின் வேலையை எடுக்காதீர்கள். பஞ்சர் ஒட்டுபவர், மாடு மேய்ப்பவர், மூட்டை தூக்குபவர் எல்லாருடைய பிள்ளைகளும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

தோழர் தோழிகளே, கடன் பாக்கி இருப்பவர்கள் சனிக்கிழமைக்குள் கொடுத்தால் நன்றாக இருக்கும்.



— 9-ம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி